கோட்டின் எந்தப் பக்கம்?

இந்திய அரசமைப்புச் சட்டத்தின் 326ஆம் பிரிவு, வாக்களிக்கும் உரிமை யாருக்கு உண்டு என்பதைக் கூறுகிறது. 18 வயதுக்குக் குறையாத குடிமக்கள் வாக்காளராகப் பதிவு பெறத் தகுதியுடையவர் என்பது அதன் சாரம். 1988ஆம் ஆண்டின் 61ஆவது திருத்தச் சட்டத்திற்கு முன்னர் இவ்வெல்லை 21ஆக இருந்தது. மக்களவை உறுப்பினராவதற்கு 25 வயதுக்கும், மாநிலங்களவை உறுப்பினராவதற்கு 30 வயதுக்கும் குறையாதிருத்தல் வேண்டும் என்று 84ஆம் பிரிவு விதிக்கிறது. இவ்விதிகளுள் எதுவும் ஒரே ஓர் எண்ணைச் சுட்டி, அதற்குச் சமமானவரை மட்டும் ஏற்றுக்கொள்வதில்லை. ஓர் எல்லையை வகுத்து, அதன் ஒரு பக்கத்தில் உள்ளோர் அனைவரையும் உள்ளே அழைக்கிறது. மறுபக்கத்தில் உள்ளோரைக் காத்திருக்கச் சொல்கிறது. கணிதத்தில் இத்தகைய கூற்றுக்கு அசமன்பாடு என்று பெயர்.

‘குறையாத’ என்னும் சொல்லைச் சற்று உற்று நோக்குவோம். இலக்கண வகுப்பில் இதனை எதிர்மறைப் பெயரெச்சம் என்று படித்திருக்கிறோம். 18க்குக் குறையாதது என்றால் 18ஆக இருக்கலாம். 18ஐவிட மிகுந்தும் இருக்கலாம். குறைவாக மட்டும் இருத்தல் கூடாது. கணிதத்தில் ≥ என்னும் குறி உணர்த்துவது இதனையே. அக்குறியை ‘விடப் பெரியது அல்லது சமம்’ என்று நான்கு சொற்களால் நீட்டிப் படிக்கிறோம். தமிழின் எதிர்மறைப் பெயரெச்சமோ அதே பொருளை ஒரே சொல்லில் தந்துவிடுகிறது. ‘மிகாத’ என்பது அவ்வாறே ≤ என்னும் குறிக்கு உரியது. ஆனால் ‘மேற்பட்ட’ என்னும் சொல் வேறு. 18 வயதுக்கு மேற்பட்டோர் என்று எழுதினால், இன்று பதினெட்டாம் பிறந்தநாள் காணும் ஒருவர் உள்ளே இருக்கிறாரா, வெளியே நிற்கிறாரா என்னும் ஐயம் எழும். எல்லையில் நிற்பவரின் நிலையைத் தெளிவாகச் சொல்லாத விதி நல்ல விதி ஆகாது.

சமக்குறியை வேல்சு நாட்டவரான ராபர்ட் ரெக்கார்டு 1557இல் தம் நூலில் பயன்படுத்தினார். பெரியது, சிறியது என்பவற்றைக் காட்டும் கூர்முனைக் குறிகள் அதன்பின் முக்கால் நூற்றாண்டு கழித்து, 1631இல் வெளியான தாமசு ஹேரியட்டின் நூலில்தான் அச்சேறின. அப்போது ஹேரியட் உயிருடன் இல்லை. எல்லையையும் சேர்த்துக்கொள்ளும் குறி அதற்கும் நூறாண்டுகளுக்குப் பின்னர் வந்தது. சமம் என்பதை எழுதக் கற்ற மனிதன், குறையாமல் என்பதை ஒரு குறியால் எழுதக் கற்க நெடுங்காலம் பிடித்திருக்கிறது.

வயது என்பது ஒரே ஓர் அளவு. ஆகவே எண்கோட்டில் 18 என்னும் இடத்தில் நிறைவட்டப் புள்ளி ஒன்றை இட்டு, அங்கிருந்து வலப்புறமாக ஓர் அம்பு வரைந்தால் விதி முழுவதும் படமாகிவிடும். இரண்டு அளவுகள் சேர்ந்து ஒரு நிபந்தனையை நிறைவு செய்ய வேண்டும் என்னும்போது எண்கோடு போதாது, தளம் தேவைப்படுகிறது. பிரெஞ்சு அறிஞர் ரெனே தெக்கார்த் 1637இல் வெளியிட்ட வடிவியல் நூலிலிருந்து வளர்ந்த ஆயத்தொலைத் தளமே அது. அதில் ஒரு சமன்பாடு கோடாகிறது என்பதை ஒன்பதாம் வகுப்பில் கற்கிறோம். ஓர் அசமன்பாடு என்னவாகிறது என்பதை நாடெங்கும் பள்ளிகளில் பரிமாறப்படும் ஒரு தட்டு உணவைக் கொண்டு காண்போம்.

2001ஆம் ஆண்டு நவம்பர் 28ஆம் நாள் உச்ச நீதிமன்றம் ஓர் இடைக்கால ஆணையைப் பிறப்பித்தது. அரசு தொடக்கப் பள்ளிகளிலும் அரசு உதவி பெறும் தொடக்கப் பள்ளிகளிலும் பயிலும் ஒவ்வொரு குழந்தைக்கும் சமைத்த நண்பகல் உணவு வழங்க வேண்டும். அதில் 300 கலோரிக்குக் குறையாத ஆற்றலும் 8 முதல் 12 கிராம் வரை புரதமும் இருத்தல் வேண்டும். பள்ளி நடைபெறும் ஒவ்வொரு நாளும், ஆண்டுக்கு 200 நாட்களுக்குக் குறையாமல் வழங்க வேண்டும் என்பது அவ்வாணை. பின்னர் இவ்வளவுகள் உயர்த்தப்பட்டன. 2013ஆம் ஆண்டின் தேசிய உணவுப் பாதுகாப்புச் சட்டம், தொடக்க வகுப்புக் குழந்தைக்கு 450 கலோரி, 12 கிராம் புரதம் என்று அட்டவணையில் வகுத்துள்ளது. இன்று பி.எம். போஷண் என்று அழைக்கப்படும் திட்டத்தில் இதற்கென ஒரு குழந்தைக்கு 100 கிராம் தானியம், 20 கிராம் பருப்பு, 50 கிராம் காய்கறி, 5 கிராம் எண்ணெய் என்று பொருள்களின் அளவும் குறிக்கப்பட்டுள்ளது. இந்த 100உம் 20உம் எங்கிருந்து வந்தன? ஒரு வரைபடத்தாளும் பென்சிலும் இருந்தால் நாமே கண்டறியலாம்.

அரிசியின் அளவை அ என்றும், பருப்பின் அளவைப் ப என்றும் கொள்வோம். எண்கள் சிறியனவாக இருப்பதற்காக இரண்டையும் 10 கிராம் அலகில் அளப்போம். எனவே 100 கிராம் அரிசி என்பது அ = 10; 20 கிராம் பருப்பு என்பது ப = 2. பத்துக் கிராம் அரிசியில் ஏறத்தாழ 35 கலோரியும் 0.8 கிராம் புரதமும் உள்ளன. பத்துக் கிராம் துவரம்பருப்பில் 2.2 கிராம் புரதம் உண்டு. அதன் ஆற்றல் அரிசியினும் சற்றுக் குறைவு எனினும், கணக்கு எளிதாகும் பொருட்டு அதனையும் 35 கலோரி என்றே முழுமையாக்கிக்கொள்வோம். 5 கிராம் எண்ணெய் 45 கலோரி தரும். 50 கிராம் காய்கறிக் கலவை 20 கலோரியும் 1 கிராம் புரதமும் தரும் என்று வைத்துக்கொள்வோம். ஆக, எண்ணெயும் காய்கறியும் சேர்ந்து 65 கலோரியையும் 1 கிராம் புரதத்தையும் தந்துவிடுகின்றன. எஞ்சிய 385 கலோரியும் 11 கிராம் புரதமும் அரிசியிலிருந்தும் பருப்பிலிருந்தும் வர வேண்டும்.

ஆற்றலுக்கான நிபந்தனை 35அ + 35ப ≥ 385 என்பதாகும். இருபுறமும் 35ஆல் வகுக்க, அ + ப ≥ 11 என்று சுருங்கும்.

இதனை வரைய, முதலில் ≥ என்னும் குறியை மறந்து, சமக்குறி இருப்பதாக எண்ணுவோம். அ + ப = 11 என்னும் கோடு, கிடை அச்சை (11, 0) என்னும் புள்ளியிலும் செங்குத்து அச்சை (0, 11) என்னும் புள்ளியிலும் வெட்டும். இவ்விரு புள்ளிகளையும் இணைக்கும் கோடே எல்லைக்கோடு. அது தளத்தை இரண்டு அரைத்தளங்களாகப் பிரிக்கிறது. ‘குறையாமல்’ என்பது விதியாதலின் கோட்டின் மீதுள்ள புள்ளிகளும் ஏற்புடையனவே; ஆகையால் கோட்டைத் தொடர்கோடாக வரைகிறோம். ‘மிகுதியாக’ என்று மட்டும் விதி இருந்திருப்பின், எல்லை சேராது என்பதைக் காட்டுவதற்காகப் புள்ளிக்கோடாக வரைந்திருப்போம். எண்கோட்டில் நிறைவட்டமும் வெறுவட்டமும் செய்த வேலையைத் தளத்தில் இவ்விருவகைக் கோடுகள் செய்கின்றன.

இனி, இரண்டு பக்கங்களுள் எது நமக்கு உரியது? கோட்டின் மீது அமையாத ஏதேனும் ஒரு புள்ளியை எடுத்துச் சோதித்தால் போதும். ஆதிப்புள்ளியே எளியது. 0 + 0 என்பது 11க்குக் குறையாததா? இல்லை. எனவே ஆதிப்புள்ளி இருக்கும் பக்கம் முழுவதும் விலக்கப்படுகிறது. மறுபக்கம் முழுவதும் ஏற்கப்படுகிறது.

ஒரே ஒரு புள்ளியைச் சோதித்துவிட்டு, கணக்கற்ற புள்ளிகளைக் கொண்ட ஒரு பக்கம் முழுவதற்கும் தீர்ப்பு வழங்குவது எங்ஙனம் முறையாகும் என்று கேட்கும் மாணவர் நல்ல கேள்வியையே கேட்கிறார். அ + ப என்னும் கூட்டல், தளத்தில் நாம் நகர நகரச் சிறிது சிறிதாக மாறுகிறது, எங்கும் தாவுவதில்லை. 11க்குக் கீழிருந்து 11க்கு மேலே செல்ல வேண்டுமாயின் இடையில் 11ஐத் தொட்டே ஆக வேண்டும். 11ஐத் தொடும் இடங்கள் அனைத்தும் கோட்டின் மீதே உள்ளன. ஆகவே கோட்டைக் கடக்காமல் நிலை மாறுதல் இயலாது. ஒரு பக்கத்தில் ஒரு புள்ளி பொய்த்தால் அப்பக்கம் முழுவதும் பொய்க்கும்.

புரதத்திற்கான நிபந்தனை 0.8அ + 2.2ப ≥ 11 ஆகும். இதனை 5ஆல் பெருக்க, 4அ + 11ப ≥ 55 என்று கிடைக்கும். இதன் எல்லைக்கோடு (0, 5), (11, 1) ஆகிய புள்ளிகள் வழியே செல்கிறது. முன்னைய கோட்டைவிட இது மிகவும் படுத்திருக்கிறது. காரணம், புரதத்தைப் பொறுத்தவரை ஒரு பங்கு பருப்பு ஏறத்தாழ மூன்று பங்கு அரிசிக்கு ஈடாக நிற்கிறது. ஆற்றலைப் பொறுத்தவரை இரண்டும் நிகராக நிற்கின்றன. கோட்டின் சாய்வு என்பது வெறும் எண்ணன்று. ஒன்றை விட்டுக்கொடுத்தால் மற்றொன்றை எவ்வளவு பெற வேண்டும் என்னும் மாற்று விலை அது. கோதுமை உண்ணும் மாநிலங்களில் இக்கோட்டின் சாய்வு வேறாக இருக்கும். கோதுமையில் புரதம் அரிசியினும் மிகுதி.

இங்கும் ஆதிப்புள்ளி பொய்க்கிறது. ஆகவே கோட்டின் மேற்புறமே ஏற்புடையது. அரிசியும் பருப்பும் எதிர்ம அளவில் இருத்தல் இயலாது. எனவே அ ≥ 0, ப ≥ 0 ஆகிய இரண்டும் சேர்ந்து நம்மை முதற் கால்பகுதிக்குள் நிறுத்துகின்றன. ஒரு குழந்தைக்கு 100 கிராம் தானியமே வழங்கப்படுவதால் அ ≤ 10 என்பதும் ஒரு நிபந்தனை. இதன் எல்லை அ = 10 என்னும் செங்குத்துக் கோடு; அதன் இடப்புறமே நமக்கு உரியது.

எல்லா நிபந்தனைகளையும் ஒருங்கே நிறைவு செய்யும் பகுதியை ஏற்புடைய பகுதி என்பர். பாடநூல்கள் பெரும்பாலும் வேண்டிய பகுதியை நிழலிடச் சொல்கின்றன. ஓர் அசமன்பாட்டிற்கு அது நன்று. நிபந்தனைகள் மூன்று, நான்கு என்று பெருகும்போது நிழல் மேல் நிழல் விழுந்து, எது எல்லாவற்றுக்கும் பொதுவானது என்பது கண்ணுக்குப் புலப்படாமல் போகும். அந்நிலையில் வேண்டாத பகுதிகளை மெல்லிய கோடுகளால் அடித்துக்கொண்டே செல்வது சிறந்த வழி. இறுதியில் வெண்மையாக எஞ்சுவதே விடை. தேர்வுத்தாளில் எந்த முறையைப் பின்பற்றினாலும் அதனை ஒரு வரியில் எழுதிவிடுதல் வேண்டும்.

நம் வரைபடத்தில் ஆற்றல் கோடும் புரதக் கோடும் ஓரிடத்தில் வெட்டிக்கொள்கின்றன. ப = 11 − அ என்று கொண்டு புரதச் சமன்பாட்டில் இட்டால், அ ஏறத்தாழ 9.43, ப ஏறத்தாழ 1.57 என்று வரும். அதாவது 94 கிராம் அரிசி, 16 கிராம் பருப்பு. திட்டம் விதிக்கும் 100 கிராம், 20 கிராம் என்பதைக் குறிக்கும் (10, 2) என்னும் புள்ளியை இப்போது வரைபடத்தில் இடுவோம். அது வெட்டுப்புள்ளிக்கு அண்மையில், ஏற்புடைய பகுதிக்குள் விழுகிறது. நாம் எடுத்துக்கொண்ட எண்கள் முழுமையாக்கப்பட்டவை எனினும், அரசாணையில் வெறும் பட்டியலாகத் தோன்றும் எண்கள் இரண்டு கோடுகளுக்கும் சற்றே உட்புறமாக அமர்ந்திருக்கின்றன என்பதை இவ்வரைபடம் காட்டிவிடுகிறது.

அவ்வாறெனில், அப்புள்ளி சற்று நகர்ந்தால் என்ன ஆகும்? பருப்பு விலை ஏறிய ஒரு மாதத்தில், ஒரு சமையற்கூடத்தில் குழந்தைக்கு 20 கிராமுக்குப் பதிலாக 10 கிராம் பருப்பே இடப்படுகிறது என்று கொள்வோம். அரிசி குறையவில்லை. புள்ளி (10, 2) என்னும் இடத்திலிருந்து (10, 1) என்னும் இடத்திற்கு இறங்குகிறது. ஆற்றலைச் சோதிப்போம்: 10 + 1 = 11. இது 11க்குக் குறையவில்லை. புள்ளி சரியாகக் கோட்டின் மீது நிற்கிறது. கோடு தொடர்கோடாதலின் இதுவும் ஏற்புடையதே. கலோரிக் கணக்கை மட்டும் கேட்கும் ஆய்வாளர் 450 என்னும் எண்ணைக் கண்டு கையொப்பமிடலாம். குழந்தையின் வயிறும் நிறைந்திருக்கும். பசி என்று யாரும் முறையிடமாட்டார்கள். புரதத்தைச் சோதிப்போம்: 4 × 10 + 11 × 1 = 51. இது 55க்குக் குறைவு. புள்ளி புரதக் கோட்டிற்குக் கீழே, வெளியே நிற்கிறது. தட்டில் இருக்க வேண்டிய 12 கிராமுக்குப் பதிலாக 11.2 கிராம் புரதமே உள்ளது. அளவில் சிறிய இக்குறைவு, 200 நாட்களுக்கு நீடித்தால் ஒரு குழந்தைக்கு 160 கிராம் ஆகிவிடும். வளரும் உடலின் தசைக்கும் குருதிக்கும் புரதம் வேண்டும். அதன் குறைவு பசியைப் போல அன்றன்றே குரல் கொடுப்பதில்லை. ஒரே ஒரு கோட்டை வரைந்திருந்தால் இக்குறைவு கண்ணில் பட்டிருக்காது. உச்ச நீதிமன்றத்தின் ஆணையும் சட்டத்தின் அட்டவணையும் ஆற்றலையும் புரதத்தையும் தனித்தனியே குறிப்பிட்டதன் பயன் இங்கு விளங்குகிறது.

அவ்வாணையில் ‘ஒவ்வொரு நாளும்’ என்று வந்ததும் கருதத்தக்கது. திங்களன்று பருப்பே இல்லாமல் 100 கிராம் அரிசி. செவ்வாயன்று அதே அரிசியுடன் 40 கிராம் பருப்பு. புள்ளிகள் (10, 0), (10, 4). இவற்றின் நடுப்புள்ளி (10, 2). சராசரியைப் பார்த்தால் குறை எதுவும் இல்லை. ஆனால் திங்கட்கிழமையின் புள்ளி இரு கோடுகளுக்குமே வெளியே கிடக்கிறது. நேரிய அசமன்பாடுகளால் அமையும் பகுதிக்கு ஒரு பண்பு உண்டு: உள்ளே இருக்கும் இரண்டு புள்ளிகளை இணைக்கும் கோட்டுத்துண்டு முழுவதும் உள்ளேயே இருக்கும். ஆகவே தகுதியுடைய இரண்டு உணவு முறைகளை எவ்வாறு கலந்தாலும் தகுதி கெடாது. இதன் மறுதலை உண்மையன்று. நடுப்புள்ளி உள்ளே இருப்பதால் இரு முனைகளும் உள்ளே இருக்கின்றன என்று கூற இயலாது. மாதச் சராசரியைக் காட்டும் பதிவேடு எதனை மறைக்கக்கூடும் என்பதற்கு இதனினும் தெளிவான படம் வேண்டியதில்லை.

மாணவர் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. ≥ என்று கண்டால் கோட்டின் மேற்புறம், ≤ என்று கண்டால் கீழ்ப்புறம் என்று மனப்பாடம் செய்துவிடுவர். ஒரு சமையலர், பருப்பு அரிசியில் பாதிக்கு மிகுந்தால் சாம்பார் சாதம் களியாகிவிடும் என்கிறார் என்று கொள்வோம். பருப்பின் இருமடங்கு அரிசிக்கு மிகாமல் இருக்க வேண்டும். அதாவது அ − 2ப ≥ 0. இங்கு குறி ≥ ஆயினும் ஏற்புடைய பகுதி கோட்டின் கீழ்ப்புறமே. மேலும், இதன் எல்லைக்கோடு ஆதிப்புள்ளி வழியாகவே செல்வதால் ஆதிப்புள்ளியைக் கொண்டு சோதிக்கவும் இயலாது. (10, 0) என்னும் புள்ளியை எடுத்தால் 10 ≥ 0 என்பது மெய்; அப்புள்ளி கோட்டிற்குக் கீழே உள்ளது. ப என்பதைத் தனித்து எழுதிப் பார்த்தாலும் இதே விடை கிடைக்கும்: −2ப ≥ −அ என்பதை −2ஆல் வகுக்கும்போது குறி திரும்பி, ப ≤ அ/2 என்றாகும். எதிர்ம எண்ணால் பெருக்கினாலோ வகுத்தாலோ குறி திரும்புவது ஏன் என்பதை அறிய, கடனை நினைத்தால் போதும். மூன்று ரூபாய் வைத்திருப்பவரைவிட ஐந்து ரூபாய் வைத்திருப்பவர் மேல்; மூன்று ரூபாய் கடன்பட்டவரைவிட ஐந்து ரூபாய் கடன்பட்டவர் கீழ்.

ஏற்புடைய பகுதிக்குள் எண்ணற்ற புள்ளிகள் உள்ளன. அவற்றுள் செலவு மிகக் குறைந்தது எது என்பது அடுத்த வினா. பருப்பின் விலை அரிசியைப்போல் மூன்று மடங்கு என்றும், அரிசிக்கு 100 கிராம் என்னும் வரம்பு இல்லை என்றும் வைத்துக்கொள்வோம். செலவு அ + 3ப என்பதற்கேற்ப இருக்கும். செலவு ஒன்றாக உள்ள புள்ளிகள் எல்லாம் ஒரு நேர்கோட்டில் அமையும். செலவு குறையக் குறைய அக்கோடு தன் சாய்வு மாறாமல் ஆதிப்புள்ளியை நோக்கி நகரும். ஏற்புடைய பகுதியை அது விட்டுப் பிரியும் முன் கடைசியாகத் தொடும் இடம் ஒரு முனையாகவே இருக்கும். ஆகையால் முனைப்புள்ளிகளை மட்டும் ஒப்பிட்டால் போதும். (0, 11) என்னும் முனையில் செலவு 33. கோடுகள் வெட்டும் முனையில் ஏறத்தாழ 14.14; (13.75, 0) என்னும் முனையில் 13.75. மலிவானது கடைசி முனை: 137.5 கிராம் அரிசி, பருப்பு சிறிதும் இல்லை!

கணிதம் பிழை செய்யவில்லை. நாம் எழுதிக் கொடுத்த நிபந்தனைகளுக்கு உட்பட்டு அது சரியான விடையையே தந்தது. எழுதப்படாத நிபந்தனை ஒன்று வெளியே நின்றுவிட்டது. அரிசிப் புரதத்தில் லைசின் என்னும் இன்றியமையாத அமினோ அமிலம் குறைவு. பருப்பில் அது மிகுதி. தானியமும் பருப்பும் சேர்ந்த உணவே இதனால் நிறைவு பெறுகிறது. புரதத்தின் கிராம் கணக்கை மட்டும் எழுதினால் இவ்வேறுபாடு வரைபடத்தில் தோன்றாது. சட்டம் ஊட்டச்சத்தின் அளவைச் சொல்வதோடு திட்டம் நின்றுவிடாமல், 20 கிராம் பருப்பு என்று பொருளின் அளவையும் தனியே வகுத்திருப்பது அந்த மலிவான முனையை அடைத்துவிடுகிறது.

இவ்வகைக் கணக்கை அரிசி, பருப்பு என்னும் இரண்டோடு நிறுத்த வேண்டியதில்லை. அமெரிக்கப் பொருளியலாளர் ஜார்ஜ் ஸ்டிக்ளர் 1945இல் 77 உணவுப் பொருள்களையும் ஒன்பது ஊட்டச்சத்துகளையும் எடுத்துக்கொண்டு, ஒருவர் ஓராண்டு உயிர்வாழ்வதற்கான மிகக் குறைந்த உணவுச் செலவைத் தேடினார். 77 அச்சுகளை எந்தத் தாளில் வரைவது? ஆய்ந்தும் ஊகித்தும் அவர் கண்ட விடை, 1939ஆம் ஆண்டு விலையில் 39.93 டாலர். 1947இல் ஜார்ஜ் டான்ட்சிக், முனையிலிருந்து முனைக்கு நடந்து சிறந்த முனையை அடையும் சிம்ப்ளெக்ஸ் முறையை வகுத்தார். அம்முறையைச் சோதிக்க ஸ்டிக்ளரின் கணக்கே எடுத்துக்கொள்ளப்பட்டது. ஒன்பது எழுத்தர்கள் கைக்கணிப்பொறிகளுடன் அமர்ந்து, 120 ஆள்-நாள் உழைப்பில் கண்ட விடை 39.69 டாலர். ஸ்டிக்ளரின் ஊகம் 24 காசுகளே விலகியிருந்தது! ஆனால் அவரது பட்டியலில் மிஞ்சியவை கோதுமை மாவு, சுண்டிய பால், முட்டைக்கோசு, பசலைக்கீரை, உலர்ந்த அவரை ஆகியவை மட்டுமே. ஆண்டு முழுவதும் அதனை உண்ண யார் ஒப்புவர்? சுவைக்கு அங்கு அசமன்பாடு எழுதப்படவில்லை.

சோவியத்து நாட்டில் லியோனிது கண்டரோவிச் 1939இலேயே இத்தகைய கணக்குகளைத் தொழிற்சாலை உற்பத்திக்கு எழுதித் தீர்த்திருந்தார். அவருக்கு 1975இல் பொருளியல் நோபல் பரிசு பகிர்ந்தளிக்கப்பட்டது. மும்பை ஐ.ஐ.டி.யில் பயின்ற நரேந்திர கர்மார்க்கர் 1984இல், முனைகளின் வழியே நடவாமல் ஏற்புடைய பகுதியின் உள்ளே ஊடுருவிச் சென்று விடையை அடையும் புதிய வழியைக் காட்டினார். நிபந்தனைகள் ஆயிரக்கணக்கில் இருக்கும்போது உள்வழி பெரும்பாலும் விரைவானது.

நம் வரைபடத்திற்குத் திரும்பி, உயர் தொடக்க வகுப்புகளுக்கான கணக்கைச் செய்து பார்ப்போம். ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை பயிலும் குழந்தைக்கு 700 கலோரியும் 20 கிராம் புரதமும் வேண்டும். வழங்கப்படுவன 150 கிராம் தானியம், 30 கிராம் பருப்பு, 75 கிராம் காய்கறி, 7.5 கிராம் எண்ணெய். முன்னர் எடுத்துக்கொண்ட அதே எண்களைக் கையாண்டால், காய்கறியும் எண்ணெயும் சேர்ந்து 97.5 கலோரியும் 1.5 கிராம் புரதமும் தரும். எஞ்சியவற்றுக்கு ஆற்றல் நிபந்தனை 35அ + 35ப ≥ 602.5, புரத நிபந்தனை 8அ + 22ப ≥ 185. (15, 3) என்னும் புள்ளியை இட்டுப் பார்க்க, ஆற்றல் 630. நிபந்தனை நிறைவேறுகிறது, இடமும் எஞ்சுகிறது. புரதம் 120 + 66 = 186. எல்லையோ 185. புள்ளி உள்ளேதான் இருக்கிறது. ஆயினும் ஒரு குழந்தைக்கு அரைக் கிராம் பருப்பு குறைந்தாலே அது வெளியே போய்விடும். 40 பேர் பயிலும் வகுப்புக்கு 1,200 கிராம் பருப்பு வேண்டும். அதில் 20 கிராம் சிந்தினாலே கோடு கடக்கப்படும். வரைபடத்தாளில் இவ்விரு கோடுகளையும் வரைந்து (15, 3) என்னும் புள்ளியைக் குறித்த பின், புரதக் கோட்டுக்கும் அப்புள்ளிக்கும் இடையே உங்கள் பென்சில் முனை நுழைகிறதா என்று பாருங்கள்.